எவ்வளவு நேரம் ஆகும்?

‘இப்பொழுது மணி என்ன?’ என்பது ஒரு கேள்வி. ‘இது முடிய எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை சுவரில் தொங்குகிறது. சின்ன முள், பெரிய முள் என்று சொல்லிக்கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் கேள்விக்கு விடை எந்தச் சுவரிலும் இல்லை. காரியத்தைப் பன்முறை செய்து, அது உடம்பில் ஊறிய பின்பே அந்த விடை வரும். நம் பாடப் புத்தகங்கள் கடிகாரம் பார்ப்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கின்றன; நேரத்தை மதிப்பிடுவதற்குச் சில வரிகளே கொடுக்கின்றன. முன்னோர் இரண்டையும் அறிந்திருந்தார்கள். பின்னால் ஒன்று தங்கி மற்றொன்று நழுவிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நெய்வேலி நகரியத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் முப்பதாண்டுகளுக்கு மேல் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் என்பதைத் தவிர, இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

தமிழ்ப் பிள்ளை கால அளவைப் பற்றிக் கற்கும் முதற் பாடம் கணக்கில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மாத்திரை என்பது எவ்வளவு? இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கைவிரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் வரையறுத்தார். இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். அவர் ஒரு கருவியைச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையிடமும் இருக்கிற கண்ணையும் விரலையும் அளவுகோலாக்கினார். ‘க’ என்று சொல்லி, ‘கா’ என்று நீட்டிச் சொல்லும் ஐந்து வயதுக் குழந்தை, தான் அறியாமலேயே ஒன்றுக்கு இரண்டு என்னும் கால விகிதத்தைப் பழகுகிறது. இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறோம் என்பது என் நெடுநாளைய வருத்தம்.

கண்ணிமைக்கு மேல் மூச்சு. பழைய வானநூற் கணக்கில் ஆறு மூச்சு ஒரு விநாழிகை. அறுபது விநாழிகை ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. சித்தர் மரபில் அடிக்கடி கேட்கும் எண் இதுதான். நாழிகை என்பது இன்றைய 24 நிமிஷம். ஆகவே விநாழிகை 24 செகண்டு, மூச்சு 4 செகண்டு. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிஷத்துக்குச் சற்றேறக்குறையப் பதினைந்து முறை மூச்சு விடுகிறார் என்பதோடு இது ஒத்துப்போகிறது. இடையே ஓர் எச்சரிக்கை: விநாழிகையை ‘விநாடி’ என்றும் எழுதுவர். இன்று அச்சொல்லை நாம் செகண்டுக்கு வழங்குகிறோம். பழைய நூலைப் படிக்கும் மாணவர் இதை மறந்தால் கணக்கு இருபத்துநான்கு மடங்கு பிழையாகிவிடும்.

அரசனுடைய பாசறையிலும் மாநகரிலும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அங்கே நாழிகைக் கணக்கர் இருந்தனர். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் சிறிய நீர்க்கலத்தைப் பார்த்து மன்னனுக்குப் பொழுதறிவிக்கும் மாந்தரைக் காண்கிறோம். அக்கலத்துக்குக் கன்னல் என்று பெயர். சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் வாழ்ந்தோரைச் சொல்லும்போது நாழிகைக் கணக்கரையும் சேர்த்தே சொல்கிறது. நாழிகை வட்டிலின் அமைப்பு மிக எளியது. அடியில் நுண்துளை இட்ட செம்புக் கிண்ணத்தை ஒரு பெரிய பாத்திரத்து நீரில் மிதக்கவிட வேண்டும். துளைவழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து அறுபது முறை மூழ்குமாறு துளையை அமைக்க வேண்டும் என்று சூரிய சித்தாந்தம் விதிக்கிறது.

ஆக, ஊருக்குப் பொதுவான ஒரு கருவியும், ஒவ்வொருவர் உடம்பிலும் ஓர் அளவும் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்தது அன்றாட வேலை. ‘வெற்றிலை போடுகிற நேரம்’, ‘உலை கொதிக்கிற நேரம்’, ‘பால் கறக்கிற நேரம்’ என்று நம் பாட்டிமார் பேசியதை வெறும் பேச்சழகு என்று நினைக்காதீர்கள், அவை அளவைகள். ஊர்ப் பயணத்துக்கும் அப்படியே. ஏழரை நாழிகை வழி ஒரு காதம் என்பது பழைய வழக்கு. ஒரு நாழிகை நடந்தால் எவ்வளவு தூரம் செல்லலாமோ அது ஒரு நாழிகை வழி. ஏழரை நாழிகை மூன்று மணி நேரம். அதற்குள் கடக்கும் தூரம் ஏறத்தாழப் பத்து மைல். நல்ல நடையில் போகிறவனுக்கு இது சரியான கணக்கே. தூரத்தை நேரத்தால் அளந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, கருவி எப்படி வென்றது என்று பார்ப்போம். 1792-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். அதன் நினைவாக நிற்கும் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. கடலில் செல்லும் கப்பலுக்குத் தீர்க்கரேகை தெரிய வேண்டும்; தீர்க்கரேகைக்குத் துல்லியமான நேரம் வேண்டும். வியாபாரத்துக்காகப் பிறந்த துல்லியம் அது. பிறகு இரயில் வந்தது. ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் வேறுபடுவதால், ஊருக்கொரு நேரம் வைத்துக்கொண்டு இரயில் ஓட்ட முடியாது. 1870 முதல் இந்திய இரயில்களுக்குச் சென்னை நேரமே பொது நேரமாயிற்று. அது கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிஷம் 14 செகண்டு முந்தியது. 1906 ஜனவரி முதல் நாள் முதல் ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வந்தது. அன்று சென்னைக் கடிகாரங்களை ஒன்பது நிமிஷ அளவுக்கு முன்னே தள்ள வேண்டியிருந்தது.

இந்திய நேரத்துக்கு ஆதாரம் கிழக்கே 82½ பாகையிலுள்ள தீர்க்கரேகை. நெய்வேலி ஏறத்தாழ 79½ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம், நெய்வேலியின் சூரியன் கடிகாரத்துக்கு 12 நிமிஷம் பின்தங்கியே வருகிறான். பன்னிரண்டு நிமிஷம் என்பது சரியாக அரை நாழிகை! என் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோதெல்லாம் அவர்கள் வெளியே ஓடிச் சூரியனைப் பார்த்தார்கள். நேராகப் பார்க்காதே என்று நான் கத்த வேண்டியதாயிற்று.

அந்த நெய்வேலியின் கதைக்கு வருகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டதிலிருந்து அக்கதை தொடங்குகிறது. 1956 நவம்பர் 14-ஆம் நாள் பழுப்பு நிலக்கரிக் கழகம் கம்பெனியாகப் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி 1961 ஆகஸ்டில் நிலக்கரியைக் கண்டார்கள். 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. முந்திரித் தோப்பும் பலா மரமும் கம்பங் கொல்லையுமாக இருந்த தென்னார்க்காட்டுச் செம்மண்ணில், நேர் கோடு போட்ட வீதிகளும் எண்ணிட்ட வட்டங்களுமாக ஒரு நகரியம் எழுந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ஊர் ஏன் கடிகாரத்தின் ஊராயிற்று? நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு அது மேலேறிவிடும். ஆகையால் இராப்பகல் ஓயாமல் இறைத்தாக வேண்டும். சுரங்கமும் மின்நிலையமும் உறங்கா. எட்டு மணி வீதம் மூன்று ஷிப்டு. பழைய கணக்கில் ஒரு ஷிப்டு இருபது நாழிகை. ஷிப்டு மாறும்போது ஊரே இடம் மாறும். இரவு ஷிப்டு முடித்துத் தந்தை பகலில் உறங்குவார். அம்மா வாயில் விரல் வைத்துப் பிள்ளைகளை அடக்குவாள். இங்கே வளரும் குழந்தை பேசப் பழகும்போதே மணிக்கணக்கையும் பழகிவிடும்.

வகுப்பில் நான் கண்ட வேடிக்கையைக் கேளுங்கள். ‘உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று நகரியத்துப் பிள்ளையைக் கேட்டால், ‘எட்டரை மணி, சார்’ என்று விடை வரும். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு எத்தனை மணி என்று சொல்கிறது. மீண்டும் அழுத்திக் கேட்டால், ‘ரெண்டு நிமிஷம்’ என்னும். அல்லது ‘ஒரு மணி நேரம்’ என்னும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை. அதே கேள்வியைச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறிடத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையிடம் கேட்டேன். ‘மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்ற நேரம், சார்’ என்றாள் அந்தச் சிறுமி. கடிகாரத்தில் மணி பார்க்க அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளோடு நடந்து பார்த்தேன்; அவள் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதையும் நின்று பார்த்தேன். இரண்டுக்கும் ஒன்றிரண்டு நிமிஷமே வேறுபாடு.

அத்தகைய பிள்ளைகளைப் பற்றி, பார்வையிட வந்த ஓர் அலுவலர் ‘நேர உணர்வு இல்லை’ என்று குறிப்பு எழுதினார். மணி பார்க்கத் தெரியாமையும் நேரத்தை உணராமையும் ஒன்று என்று அவர் எண்ணிவிட்டார். எழுதப்பட்ட குறிப்புக்கு ஓர் ஆற்றல் உண்டு. பரம்பரையில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை அது. ‘இதுக்குப் படிப்பு ஏறாதுன்னு பெரியவங்களே எழுதிட்டாங்க’ என்று சொல்லித் தகப்பனார் நிறுத்திவிட்டார். நிலத்தையும் அந்நிலத்தோடு இருந்த கணக்கையும் இழந்தவர். மகளின் அறிவையும் இல்லை என்று ஒருவர் சொன்னதும் நம்பிவிட்டார். அவர் மனத்தை மாற்ற ஒரு மாதம் பிடித்தது. நேரத்தை மதிப்பிடுவது குறித்து நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியது அந்த மாதத்தில்தான்.

அறிஞர் ஐன்ஸ்டைன் 1928-இல் டாவோஸ் நகரில் ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளநூலாரிடம் ஒரு கேள்வி கேட்டார்: குழந்தைக்கு முதலில் பிடிபடுவது காலமா, வேகமா? பியாஜே பல ஆண்டுகள் குழந்தைகளோடு ஆய்ந்து 1946-இல் குழந்தையின் காலக் கருத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு பொம்மைகள் ஒரே சமயத்தில் புறப்பட்டு ஒரே சமயத்தில் நின்றாலும், அதிக தூரம் சென்ற பொம்மையே அதிக நேரம் ஓடியது என்று சிறு குழந்தைகள் சாதிப்பதை அவர் கண்டார். என் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தேன். இரண்டு பையன்கள், ஒரு கைதட்டலில் புறப்பட்டு மறு கைதட்டலில் நின்றார்கள். ஒருவன் ஓடினான், மற்றவன் நடந்தான். ‘ஓடினவனுக்குத்தான் ரொம்ப நேரம்’ என்று முதல் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லிற்று.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாழிகை வழி, காதம் என்று நம் முன்னோரும் நேரத்தையும் தூரத்தையும் ஒன்றாகத்தானே பிணைத்தார்கள்? ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையோடு பிணைத்தார்கள்: நடை ஒரே சீராக இருக்க வேண்டும். வழிப்போக்கனின் சீரான நடையே அங்கே கடிகாரம். குழந்தைக்கு இல்லாதது காலம் அன்று, அந்த நிபந்தனை. ஆகவே அதற்குக் கொடுக்க வேண்டிய பாடம், சீராக நடப்பது எதுவோ அதைக் கண்டுபிடித்து, அதனோடு மற்றவற்றை ஒப்பிடுவது. கண்ணிமை, மூச்சு, நீர்க்கிண்ணம் என்று மனிதகுலம் வந்த பழைய வழி அதுவே என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் நம் நாட்டிலேயே இருந்தது. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியில் தக்களி நூற்பு ஒரு பாடம். குறித்த நேரத்தில் எவ்வளவு நூல் என்று பிள்ளை நாள்தோறும் கணக்கு எழுதும். என் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அக்கல்வியில் தோய்ந்த முதியவர் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். தக்களியைத் தொடுமுன் ‘அரை மணியில் எத்தனை சுற்று வரும்? எழுது’ என்பார். நூற்ற பின் எண்ணிப் பக்கத்தில் எழுதச் சொல்வார். இரண்டு எண்களும் நெருங்கி வரும் நாளில்தான் கை பழகிவிட்டது என்று ஒப்புக்கொள்வார்.

அந்த முறையையே நான் எடுத்துக்கொண்டேன். முதலில் சொல், பிறகு செய், பிறகு அள. கருவிக்குக் கொட்டாங்கச்சி. அடியில் ஊசித் துளையிட்டு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். துளை பெரிதானால் விரைவில் மூழ்கும். மண் அடைத்துக்கொண்டால் மிதந்துகொண்டே இருக்கும். வடிகட்டிய நீர் வேண்டும் என்று பிள்ளைகளே கண்டார்கள். சிரட்டைக்குச் சிரட்டை வேறுபட்டதால் சண்டை வந்தது. ‘ஊருக்கெல்லாம் ஒரே சிரட்டை வைக்கணும், சார்’ என்று ஒரு பையன் தீர்ப்புச் சொன்னான். 1906-இல் நடந்ததை அவனுக்கு நான் விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

பின்னர் வேலைகள். குடம் நிரம்ப எத்தனை சிரட்டை? க முதல் ன வரை பதினெட்டு எழுத்தும் எழுத எத்தனை? இரட்டைச் சடை பின்ன எத்தனை? ஒரு தட்டு இட்லி வேக எத்தனை என்று வீட்டிலும் பார்த்து வந்தார்கள். அதனால் அடுப்பங்கரையில் என்னைப் பற்றி என்ன பேச்சு எழுந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் முன்னே நின்றார்கள். பள்ளிக்குத் திரும்பிவந்த அச்சிறுமி, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, சிரட்டை மூழ்கும் கணத்தில் கை தூக்குவாள். அவளிடம் நகரியத்துப் பிள்ளைகள் கேட்டுக் கற்றார்கள். அவர்களிடம் அவள் கடிகார முள்ளைக் கற்றாள். மூச்சை எண்ணும் சோதனையில் மட்டும் எல்லோருக்கும் ஏமாற்றம். 360 மூச்சு எண்ணியும் 24 நிமிஷம் ஆகவில்லை. மிகவும் முன்னதாகவே முடிந்துவிட்டது. சிறுவர் பெரியவரைவிட விரைவாக மூச்சு விடுவர் என்பது அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

எழுதியதை வீட்டில் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். வானொலியார் தந்த நேரத்தைத் தாண்டியதால் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். ஆயினும் துரும்பு முறையை விட மனமில்லை. நம் பழைய கணக்காசிரியர்கள் அறிந்த முறை அது. ஒரு துரும்பைப் பதினாறு சம பாகமாகக் குறியிடுங்கள். அதை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதி தரையில் கிடக்கவும் மறுபகுதி செங்குத்தாக நிற்கவும் செய்து, நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் முனையில் சரியாக முடியும்படி மடிப்பை மாற்றிக்கொண்டே போங்கள். நிழல் பொருந்தியதும் நின்ற பாகங்களை எண்ணுங்கள். முற்பகலில் அதுவே சூரிய உதயத்திலிருந்து சென்ற நாழிகை. பிற்பகலில் மறைவுக்கு எஞ்சிய நாழிகை.

சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நெய்வேலிக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறான். அந்நாட்களில் துரும்பு வியக்கத்தக்கவாறு உண்மை சொல்லும். சூரியன் பாதி உயரம் ஏறும்போது நிழலும் துரும்பும் சமம். எட்டு நிற்கும், எட்டுக் கிடக்கும். உண்மையில் சென்றது ஏழரை நாழிகை. உச்சியில் பதினாறும் நிற்கும், உண்மை பதினைந்து. கருவியில்லாக் காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைச் செய்து மகிழ்ந்த ஐந்தாம் வகுப்புப் பையன்கள் மார்கழியில் மீண்டும் செய்தார்கள். அப்பொழுது சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறான். நண்பகலிலும் நீண்ட நிழல் விழும். துரும்பு ஒன்பதரைக்கு மேல் நிற்க மறுத்தது. உண்மையில் பதினான்கு நாழிகைக்கு மேல் ஆகியிருந்தது. ‘துரும்பு பொய் சொல்லுது, சார்’ என்றார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு பொய் சொல்கிறது என்று குறித்து வாருங்கள் என்றேன். தைப் பொங்கல் விடுமுறை கழிந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நண்பகல் நிழலைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்கள். சித்திரை வரையில் குறித்தார்கள்.